அம்பத்தூர் எஸ்டேட்டில் கிடங்கு. கேட்டுக்கு டயர் கில்லர் போடலாம் என்று இருக்கிறோம். எந்த வகை நல்லது?

டயர் கில்லர் என்பது தரையில் பதிக்கிற முள் வரிசை, மேலே ஏறுகிற டயரைக் கிழிக்கும். கேள்வியின் விவரத்தில் இரண்டு தொல்லைகளைச் சொல்லியிருக்கிறீர்கள். கேட் பாஸ் இல்லாத லாரி பூம் பேரியரை (குறுக்கே ஏறி இறங்கும் கம்பத்தை) உடைத்துக்கொண்டு வெளியே போகிறது. அவுட் கேட் வழியாக வெளி வண்டிகள் உள்ளே நுழைகின்றன. இரண்டுக்கும் ஒரே சாமான் போதும் என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள் போல. போதாது.

எதிர்த்திசையில் வருபவனைத் தடுக்க மோட்டாரே இல்லாத ஒருவழி முள் போதும். சரியான திசையில் வந்தால் பல் அமுங்கும், எதிரே வந்தால் நிமிர்ந்து நிற்கும். ஆனால் பாஸ் இல்லாத லாரி வெளியே போவது சரியான திசையில்தானே? அதற்கு முள் அமுங்கி வழிவிட்டுவிடும். அதைத் தடுக்க வேண்டுமென்றால் ஹைட்ராலிக்கிலோ மோட்டாரிலோ ஏறி இறங்குகிற வகைதான் வேண்டும். எப்போதும் மேலே நிற்கும், பாஸ் பார்த்த பிறகுதான் இறங்கும்.

இன்னொன்று. டயர் கில்லர் வண்டியை நிறுத்தாது, டயரைத்தான் கிழிக்கும். லோடு லாரி வேகமாக வந்தால் கிழிந்த டயரோடு ரோடு வரைக்கும் போய்விடும். மோதலைத் தாங்கி நிறுத்துவது ரோடு பிளாக்கரும் (தரையிலிருந்து எழும் இரும்புத் தடுப்பு) பொல்லார்டும் (தடித்த தடுப்புத் தூண்). இவற்றை மோதிச் சோதிப்பதற்கான அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் எஃப்2656இல் எம்30 என்றால் 6,800 கிலோ லாரி மணிக்குச் சுமார் 48 கி.மீ. வேகத்தில் மோதிச் சோதித்தது, எம்50 என்றால் 80 கி.மீ. ‘கிராஷ் ரேட்டட்’ என்று கொட்டேஷனில் இருந்தால் சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். பிரவுஷரில் போட்டிருப்பது சான்றிதழ் ஆகாது. உங்கள் தேவைக்கு அந்த அளவு வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். டிரைவருக்கு டயர் பயம் இருந்தால் போதும்.

ஒருவழி முள்ளில் ஸ்பிரிங் வைத்ததைவிட எதிர் எடையில் நிமிர்கிறதை வாங்குங்கள். ஸ்பிரிங் துருப்பிடித்து ஒடிந்தால் அந்தப் பல் படுத்தே கிடக்கும், யார் கண்ணிலும் படாது. ஒவ்வொரு பல்லும் தனித்தனியாகக் கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும். பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளியை டேப் வைத்து அளந்து பாருங்கள். பழைய ஆல்டோ டயரின் அகலம் 145 மில்லிமீட்டர்தான். இடைவெளி அதைவிட அதிகமென்றால் டயர் நடுவில் புகுந்து போய்விடும். தாங்கும் எடையை ‘ஹெவி டியூட்டி’ என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அச்சுக்கு எத்தனை டன் என்று கேளுங்கள். அச்சு எடை விதியின் 2018 திருத்தத்துக்குப் பிறகு நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்குச் சட்டப்படியே 11.5 டன் வரை ஏற்றலாம். நம் ஊர் ஓவர்லோடையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இவையெல்லாம் கடையில் பார்த்து வாங்குகிற விஷயம். பணம் வீணாவது இனிமேல்தான்.

ஏறி இறங்கும் வகையில் முள்ளைவிட முக்கியம், மேலே வண்டி நிற்கிறதா என்று அதற்குத் தெரிவது. தரையில் வெட்டிப் பதிக்கும் லூப் கம்பிதான் வழக்கம், மூன்று நான்கு சுற்று; மேலே வண்டியின் இரும்பு வந்தால் அதற்குத் தெரியும். லூப்பின் குறுகிய பக்கம் எவ்வளவோ, அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உயரம் வரைதான் அதற்குக் கண் தெரியும். ஒரு மீட்டர் லூப் என்றால் 65 சென்டிமீட்டர் போல. 40 அடி கண்டெய்னர் டிரெய்லரில் முன் வண்டியின் பின்சக்கரத்துக்கும் டிரெய்லர் சக்கரத்துக்கும் நடுவே பல மீட்டருக்கு உயரமான சேஸிஸ் மட்டும்தான். அந்த இடம் வரும்போது லூப் ‘வண்டி போய்விட்டது’ என்று சொல்லும், முள் ஏறும், பின்னால் வரும் டயர்கள் வரிசையாகப் போகும். அதனால் முள்ளுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு லூப், அதோடு இரண்டு உயரத்தில் போட்டோ பீம் (குறுக்கே போகும் ஒளிக்கதிர், வண்டி மறைத்தால் தெரியும்). எல்லாமும் காலி என்று காட்டினால்தான் முள் ஏற வேண்டும். லூப்பை முள் தகட்டிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் அசைகிற இரும்பையே வண்டி என்று நினைத்துக்கொள்ளும். கான்கிரீட் கம்பியும் லூப்புக்கு ஒட்டினாற்போல் இருக்கக் கூடாது.

பூம் பேரியரோடு இன்டர்லாக் வேண்டும். முள் முழுக்க இறங்கியது என்று லிமிட் சுவிட்ச் (முள் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் சுவிட்ச்) சொன்ன பிறகுதான் பூம் தூக்க வேண்டும், சிக்னல் பச்சை ஆக வேண்டும்.

டூ வீலரை இந்த வழியில் விடவே விடாதீர்கள். லூப்புக்கு பைக் சில சமயம் தெரியாது, பீமில் ஆள் சரியாக மாட்டமாட்டான். காரில் டயர் போவது பைக்கில் உயிர் போவதாக முடியும். ஆட்கள் நடக்கவும் பைக்குக்கும் தனி வழி போட இடமில்லையென்றால் இந்தத் திட்டத்தையே விடுங்கள்.

அடுத்தது தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது உங்கள் எஸ்டேட் கிடந்த கிடப்பு உங்களுக்கே தெரியும். தரையோடு தரையாகப் பதிப்பதற்குக் குழி வேண்டும், குழிக்கு வடிகால் வேண்டும், வெளி வடிகால் குழியைவிட உயரமாக இருந்தால் சம்ப் மோட்டார் வேண்டும். பவர் பேக்கும் (ஹைட்ராலிக் எண்ணெய் பம்பும் மோட்டாரும் உள்ள பெட்டி) கண்ட்ரோல் பேனலும் வெள்ளம் ஏறின கோட்டுக்கு மேலே மேடை கட்டி வையுங்கள். குழிக்குள் இருக்கிற சென்சார் ஐபி67 (தண்ணீரில் கொஞ்ச நேரம் மூழ்கினாலும் தாங்கும் தரம்), வயரிங் 24 வோல்ட், சப்ளையில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்). மழைக்குப் பிறகு பவர் பேக்கில் எண்ணெய் தெரிகிற கண்ணாடியைப் பாருங்கள். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. எண்ணெயை மாற்றாமல் ஓட்டினால் பம்பும் வால்வும் போகும். எண்ணூர், காட்டுப்பள்ளி, ஈசிஆர் போலக் கடல் பக்கம் என்றால் பெயின்ட் வேண்டாம், ஹாட் டிப் கால்வனைஸ்தான் (உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த பூச்சு).

தாரின் மேல் போல்ட் அடித்து நிறுத்துகிற சர்ஃபேஸ் மாடல் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் மே மாத வெயிலில் தார் இளகும், லாரி திரும்பத் திரும்ப ஏற போல்ட் ஆட ஆரம்பிக்கும். அந்த இடத்தில் மட்டும் தாரை வெட்டி எம்30 கான்கிரீட் போட்டு, நன்றாக இறுகிய பிறகு ஆங்கர் அடியுங்கள். (மேலே சொன்ன எம்30 வேறு, இது கான்கிரீட் தரம்.)

‘எங்கள் அபார்ட்மென்டில் இதெல்லாம் இல்லாமலே ஓடுகிறது’ என்று கீழே யாராவது எழுதுவார்கள். ஓடும். அங்கே கார் மட்டும்தான், செக்யூரிட்டி பக்கத்திலேயே நிற்கிறார். இருபத்துநாலு மணி நேரமும் டிரெய்லர் வருகிற கிடங்கு வேறு.

காம்பவுண்டுக்கு வெளியே, பொது ரோட்டில் ஒரு அடிகூட நீட்டாதீர்கள். 2018இல் புனேயில் டவுன்ஷிப் சாலையில் பதித்தது பெரிய சர்ச்சையானது. உள்ளேயும் ஒரு லாரி நீளம் தள்ளி வைத்தால்தான் திருப்பி அனுப்புகிற வண்டிக்கு ரிவர்ஸ் எடுக்க இடமிருக்கும். தமிழில் எச்சரிக்கைப் பலகை, முன்னால் வேகத்தடை, ராத்திரிக்கு லைட், ரிஃப்ளெக்டர்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லாததையும் சொல்லிவிடுகிறேன். லட்சக்கணக்கில் கேட்டுக்குச் செலவழிக்கிற கம்பெனிகள் அதை இயக்குகிற செக்யூரிட்டிக்குத் தகரக் கூண்டில் ஒரு ஃபேன் போட மாட்டேன் என்கின்றன. 12 மணி நேர டியூட்டி, கான்ட்ராக்டர் மாறினால் ஆளும் மாறுகிறார். புது ஆளுக்கு யாரும் கற்றுத் தருவதில்லை, டயர் போனால் பழி மட்டும் அவர் தலையில். கரண்ட் போனால் கை பம்பிலோ வால்விலோ முள்ளை எப்படி இறக்குவது என்று ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் செய்து காட்டுங்கள். தீயணைப்பு வண்டி கரண்ட் வரும்வரை காத்திருக்காது.

பி.ஓ.வில் (பர்ச்சேஸ் ஆர்டரில்) கடைசிப் பணத்தை நிறுத்தி வைத்து இந்த மூன்றையும் எழுதுங்கள்: குழியில் தண்ணீர் ஊற்றி நிரப்பி ஓட்டிக் காட்ட வேண்டும், மெயினை அணைத்துவிட்டுக் கையால் இறக்கிக் காட்ட வேண்டும், 40 அடி டிரெய்லரை மெதுவாக, நடுவில் ஒருமுறை நிறுத்தி, கடத்திக் காட்ட வேண்டும். மூன்றாவதற்கு மட்டும் முள் பற்களைக் கழற்றிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.