தேவாங்கைக் காப்பாற்றப் போகும் மகள்: வேடசந்தூர் அப்பாவுக்கு ஒரு பதில்

வணக்கம் சார். பிளஸ் டூ உயிரியல் பிரிவில் படிக்கும் மகள் நர்சிங்கும் வேண்டாம், அக்ரியும் வேண்டாம், இரவில் மரங்களில் நடமாடும் சின்னப் பிராணியான தேவாங்கைக் காப்பாற்றும் வேலைக்குத்தான் போவேன் என்று நிற்கிறாள், இதில் சோறு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ராத்திரியில் காட்டுக்குள் திரிய வேண்டியிருக்குமே என்ற பயத்தையும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள். முதலில் சோற்றைப் பார்த்துவிடுவோம்.

கிடைக்கும், ஆனால் தாமதமாகத்தான் கிடைக்கும். வெறும் இளநிலைப் பட்டத்தோடு இந்தத் துறையில் நல்ல வேலை அமைவது கஷ்டம். முதுநிலை முடித்து, நெட் என்ற தேசியத் தகுதித் தேர்விலும் தேறி, ஆய்வுத் திட்டம் ஒன்றில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) ஆகச் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய் வரும்; 2023இல் உயர்த்திய தொகை அது. நெட் இல்லாதவர்களுக்குக் குறைவு. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும், அடுத்ததைத் தேட வேண்டும். அதனால் அவளுக்கு 26, 27 வயது ஆகும்வரை அவள் சம்பளத்தை நம்பி வீட்டில் எந்தக் கடனும் வாங்காமல் இருக்க முடியுமா என்று நீங்களும் அம்மாவும் உட்கார்ந்து பேசுங்கள். முடியாது என்றால் அதை அவளிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

நிரந்தர வேலை என்றால் வனத்துறை. இந்திய வனப் பணித் தேர்வு எழுத எந்தப் பட்டமும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. விலங்கியல், தாவரவியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல், கால்நடை மருத்துவம் இவற்றில் ஒன்றாவது பட்டப்படிப்பில் இருக்க வேண்டும், அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். பி.காம். படித்துவிட்டு அப்புறம் மாறிக்கொள்ளலாம் என்றால் கதவு மூடியிருக்கும். உடல்தகுதிக்காகப் பெண்கள் 4 மணி நேரத்தில் 14 கி.மீ. நடந்து காட்ட வேண்டும், ஆண்களுக்கு 25 கி.மீ. கீழ்நிலையில் வனக்காப்பாளர், வனக்காவலர் பணிகள் இப்போது டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 வழியாகவும் வருகின்றன.

படிப்பைப் பொறுத்தவரை, இளநிலையில் விலங்கியலோ தாவரவியலோ பக்கத்துக் கல்லூரியிலேயே படிக்கட்டும். மதிப்பெண் நன்றாக வந்தால் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் நான்காண்டு வனவியல் இருக்கிறது. சிறப்புப் படிப்பை முதுநிலையில் பார்த்துக்கொள்ளலாம்: மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும், ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் வன உயிரியல் உண்டு. டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனம், பெங்களூரு என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) இரண்டுக்கும் நாடு முழுவதிலிருந்தும் போட்டி போடுவார்கள். அங்கே இடம் பிடிப்பதற்கும் இனிமேல் நான் சொல்லப்போவதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

பிள்ளைக்கு இந்த வேலை ஒத்துவருமா என்று பார்க்க டேராடூன் போக வேண்டியதில்லை. உங்கள் வேடசந்தூர் வட்டத்தின் ஒரு பகுதியே கடவூர் தேவாங்கு சரணாலயத்துக்குள் வருகிறது. 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் அறிவித்தது, நாட்டிலேயே முதலாவது தேவாங்கு சரணாலயம். தேவாங்கு அந்த எல்லைக்குள் மட்டும் இருப்பதில்லை. தோட்டத்து வேலமரம், கிளுவை உயிர்வேலி, புதர் என்று மனிதர் நடமாடும் இடத்திலும் பூச்சி தின்று வாழும். அது கிளையிலிருந்து கிளைக்குப் பிடித்துப் பிடித்துப் போகும் பிராணி, அணில் மாதிரி தாவாது. உயிர்வேலியை வெட்டிவிட்டுக் கம்பிவேலி போட்டால் அதற்குப் பாதை அறுந்துபோகும். தரையில் இறங்கித்தான் அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். அங்கே நாயும் வண்டியும் காத்திருக்கின்றன.

எனவே மகளுக்கு நான் கொடுக்கும் வேலை இது: ஊரைச் சுற்றியிருக்கும் தோட்டங்களில் எந்த வரப்பில் கிளுவை இருக்கிறது, எங்கே கம்பியாகிவிட்டது என்று ஒரு வரைபடம் போடட்டும். பகலில் செய்யும் வேலை, நீங்களும் கூடப் போகலாம். வேலியை ஏன் மாற்றினீர்கள் என்று தோட்டக்காரரிடம் கேட்டு எழுதட்டும். வேலியைக் கவாத்து செய்ய (கிளை வெட்டிவிட) ஆள் கிடைக்கவில்லை என்பார் ஒருவர், நிலம் அளக்கும்போது எல்லைத் தகராறு வந்தது என்பார் இன்னொருவர். அந்தப் பதில்களைக் கேட்க அவளுக்குப் பொறுமை இருக்கிறதா என்று பாருங்கள். இந்தத் தொழிலில் பெரும்பகுதி எண்ணுவதும் ஊர்க்காரர்களிடம் பேசுவதும்தான். புலியோடு நின்று போட்டோ எடுப்பவர்களை நம்பி வருகிறவர்கள் சீக்கிரம் சலித்துப்போவார்கள்.

கூடவே ஒரு நோட்டு. ‘கண்மாயில் நிறைய மயில் பார்த்தேன்’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. ‘மாலை 5.40, கண்மாயின் கிழக்குக் கரை, மயில் ஆண் 1, பெண் 3, மேகமூட்டம்’ என்று இருக்க வேண்டும். போய்ப் பார்த்து ஒன்றும் தென்படவில்லை என்றாலும் அதையும் எழுத வேண்டும். பிள்ளைகள் விட்டுவிடுவது இதைத்தான். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று பார்த்ததை இபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் போதும், கட்டணம் இல்லை. பிப்ரவரியில் உலக அளவில் இன்னொன்று வரும். வனத்துறை நடத்தும் பறவைக் கணக்கெடுப்பிலும் தன்னார்வலர்களைச் சேர்க்கிறார்கள். முதுநிலை நேர்காணலில் இரண்டு மூன்று வருட நோட்டை எடுத்து வைக்கும் பிள்ளைக்குத் தனி மரியாதை உண்டு.

ராத்திரிப் பயத்துக்கு வருகிறேன். அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம், பகலானாலும் சரி. இரவுக் கணக்கெடுப்பு என்றால் வனத்துறை ஆட்களோடு குழுவாகத்தான் போக வேண்டும். பட்டம் முடிக்கும்வரை அது இல்லாமலே நிறையச் செய்யலாம். தேவாங்கைக் கண்டால் தொடக்கூடாது, வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது. எந்த மரத்தில் பார்த்தாள் என்று வாட்ஸ்அப்பில் போடவே கூடாது. மாந்திரீகத்துக்கென்று பிடித்து விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். யூடியூப் பார்த்துப் பாம்பு பிடிக்கும் ஆசை வந்தால் கண்டிப்பாகத் தடுங்கள். அதுவும் உங்கள் வீட்டில் பச்சைக்கிளிக் கூண்டு ஏதாவது இருந்தால், சார், முதலில் வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். கிளி வளர்ப்பதும் வன உயிரினச் சட்டப்படி குற்றம்தான்.

இன்னொன்று. ‘வைல்ட்லைஃப் இன்டர்ன்ஷிப்’ என்று ஐந்து நாளுக்குப் பல்லாயிரம் கேட்டு விளம்பரம் வரும். பெரும்பாலும் அது சுற்றுலாதான். அந்தப் பணத்தில் நல்ல பைனாகுலர் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

அரையாண்டு விடுமுறையில் திண்டுக்கல் மாவட்ட வன அலுவலருக்கு அவள் கையாலேயே ஒரு கடிதம் எழுதட்டும்: படிக்கும் வகுப்பு, ஊர், இதுவரை போட்ட வேலி வரைபடம், கணக்கெடுப்பில் சேர விருப்பம். ஒரு பக்கம் போதும். பதில் வராவிட்டால் ஒரு மாதம் கழித்து நேரில் கூட்டிப் போங்கள், வரைபடத்தையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சை மட்டும் அவளிடம் விட்டுவிட்டு நீங்கள் வெளியே பெஞ்சில் உட்காருங்கள்.