விறகுக் கணப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கூடத்தின் மூலையில் இரும்புக் கணப்பு அடுப்பு வைக்கப்போகிறோம். பின்னால் மரப்பலகைச் சுவர். அதன்மேல் டைல்ஸ் ஒட்டிவிட்டால் அடுப்பைச் சுவரோரமாகவே வைக்கலாம் என்று வேலைக்கு வந்தவர் சொல்கிறார். சரியா?

பதில்: சரியில்லை. டைல்ஸ் தீப்பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் அது சூட்டைத் தடுக்காது, வாங்கிய சூட்டைப் பின்னால் உள்ள பலகைக்கு அப்படியே கடத்திவிடும். புது மரம் பற்றுவதற்கு ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். வருடக்கணக்கில் சூடேறி ஆறி, உள்ளுக்குள்ளேயே கருகத் தொடங்கிய மரம் அதைவிட மிகக் குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும். 'இத்தனை வருடமாக ஒன்றும் ஆகவில்லையே' என்பதை நம்ப முடியாது. அந்த வருடங்கள்தான் பலகையைப் பற்றுவதற்குப் பக்குவப்படுத்தியிருக்கின்றன.

முதலில் அடுப்பின் பின்புறம் ஒட்டியிருக்கும் உலோக வில்லையைப் பாருங்கள். சோதனை செய்து சான்று பெற்ற அடுப்பாக இருந்தால் பின்சுவர், பக்கச்சுவர், மூலை ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு இடைவெளி என்று அதிலேயே இருக்கும். அதை ஒரு சென்டிமீட்டரும் குறைக்காதீர்கள். வில்லையும் கையேடும் இல்லாத பழைய அடுப்பு என்றால், எரியக்கூடிய எதிலிருந்தும் 90 செ.மீ. தள்ளி வையுங்கள். திரைச்சீலை, சோபா, பிளைவுட் எல்லாம் இதில் அடக்கம். ஜிப்சம் பலகைச் சுவரும் இந்தக் கணக்கில்தான் வரும், ஏனென்றால் அதன் மேலே காகிதமும் பின்னால் மரச்சட்டமும் இருக்கலாம்.

அவ்வளவு இடம் இல்லையென்றால் வெப்பத்தடுப்புத் தகடு உதவும். 24 கேஜ் (ஏறத்தாழ 0.6 மி.மீ. கனம்) இரும்புத் தகட்டைச் சுவரிலிருந்து 2.5 செ.மீ. தள்ளி, எரியாத பொருளாலான குச்சிகளின் மேல் நிறுத்த வேண்டும். தகட்டின் அடியிலும் மேலேயும் திறந்திருக்க வேண்டும். கீழே நுழையும் குளிர்ந்த காற்று சூடாகி மேலே வெளியேறிக்கொண்டே இருப்பதால்தான் சுவர் பிழைக்கிறது. சான்றில்லாத அடுப்புக்கு இப்படிச் செய்தால் 90 செ.மீ. இடைவெளியை 30 வரை குறைக்கலாம். பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று அடிப்பகுதியைப் பட்டி வைத்து அடைத்துவிட்டால் தகடு இருந்தும் பயனில்லை. சான்றுள்ள அடுப்புக்குத் தகடு வைத்து இடைவெளியைக் குறைக்கலாமா என்பதை அதன் கையேடுதான் சொல்ல வேண்டும். உங்கள் ஊர்க் கட்டட விதி இங்கே சொன்னதைவிட அதிகம் கேட்டால், அதன்படியே செய்யுங்கள்.

கேள்வி: தரை மரப்பலகை. அடுப்புக்கு அடியில் இரும்புத் தகடு விரித்தால் போதுமா?

பதில்: அடுப்பைப் பொறுத்தது. சில அடுப்புகளின் அடிப்பாகம் அதிகம் சூடாவதில்லை, தெறிக்கும் தணலைத் தாங்க எரியாத விரிப்பு ஒன்று போதும். கால் குட்டையான அடுப்புகளுக்கு வெப்பத்தையே தடுக்கும் தடித்த பலகை வேண்டும், வெறும் தகடு ஆகாது. எதுவானாலும் கதவின் முன்பக்கம் 45 செ.மீ., மற்ற பக்கங்களில் 20 செ.மீ. வெளியே நீண்டிருக்கட்டும். அடியில் கம்பளம் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: அடுப்பிலிருந்து புகையைக் கொண்டுபோகும் குழாயின் நெளிவுள்ள (நெளித்து ஒடுக்கிய) முனை மேல்நோக்கி வர வேண்டுமா, கீழ்நோக்கியா? மேல்நோக்கி வைத்தால்தான் புகை கசியாது என்கிறார்கள்.

பதில்: கீழ்நோக்கி, அதாவது அடுப்பைப் பார்த்தபடி. புகை குளிரும்போது குழாயின் உட்சுவரில் கிரியோசோட் என்ற தார் படியும், அது ஒழுகவும் செய்யும். நெளிவு முனை கீழே உள்ள குழாய்க்குள் செருகியிருந்தால் ஒழுகுவது உள்ளேயே இறங்கி அடுப்பில் எரிந்துவிடும். மாற்றிப் பொருத்தினால் ஒவ்வொரு இணைப்பிலும் கறுப்பாக வெளியே வடியும். புகைக் கசிவைப் பற்றிய பயம் இங்கே பொருந்தாது. நன்றாக இழுக்கும் குழாய்க்குள் அழுத்தம் அறையைவிடக் குறைவு. ஆகவே சிறு இடுக்கு வழியாக அறைக் காற்று உள்ளே போகுமே தவிர, புகை வெளியே வராது.

ஒவ்வோர் இணைப்பிலும் மூன்று ஸ்க்ரூ போடுங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் வேண்டாம், அதிகச் சூட்டில் அந்தப் பூச்சு நச்சுப் புகை விடும். 90 டிகிரி எல்போ இரண்டுக்கு மேல் கூடாது. படுக்கைவசமாகப் போகும் பகுதி மீட்டருக்கு 2 செ.மீ. வீதம் ஏறிக்கொண்டே போக வேண்டும். ஒற்றைச் சுவர்க் குழாய்க்கும் (ஒரே அடுக்குத் தகட்டாலான குழாய்) எரியக்கூடிய பொருளுக்கும் இடையே 45 செ.மீ. இருக்கட்டும்.

இந்த ஒற்றைச் சுவர்க் குழாயைச் சுவர், மேல்தளம், கூரை எதன் வழியாகவும் கொண்டுபோகாதீர்கள். அங்கிருந்து வெப்பக்காப்பு உள்ள இரட்டைச் சுவர்ப் புகைபோக்கிதான் போக வேண்டும். அதைச் சுற்றி மரச்சட்டம் வரையில் 5 செ.மீ. காலியிடம் விடுவார்கள் (சரியான அளவு புகைபோக்கியின் கையேட்டில் இருக்கும்). காலியாகக் கிடக்கிறதே என்று அதில் கண்ணாடி இழைப் பஞ்சைத் திணிப்பவர்கள் உண்டு. பஞ்சு சூட்டைப் பிடித்துவைத்து மரத்துக்குக் கொடுக்கும். காற்று அங்கே தங்காமல் ஓடத்தான் அந்த இடைவெளி. அடுப்பைத் தேர்வு செய்யச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது இந்தக் குழாய் வேலைக்குக் கொடுங்கள்.

கேள்வி: பற்றவைத்ததும் அறைக்குள் புகை திரும்புகிறது. குழாயைப் பக்கச்சுவர் வழியாக வெளியே விட்டு, ஒரு மீட்டர் உயர்த்தியிருக்கிறோம்.

பதில்: ஒரு மீட்டர் போதாது. புகைபோக்கி கூரையைத் தாண்டும் இடத்திலிருந்து 90 செ.மீ. உயர வேண்டும். சுற்றிலும் 3 மீட்டருக்குள் இருக்கும் கூரை முகட்டையோ சுவரையோவிட 60 செ.மீ. உயர்ந்தும் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கூரையில் மோதித் திரும்பும் காற்று புகையைக் கீழே தள்ளும். அடுப்பிலிருந்து உச்சிவரை மொத்தம் 4.5 மீட்டராவது இருந்தால்தான் இழுவை (புகையை மேலே இழுக்கும் விசை) நிலையாகக் கிடைக்கும்.

சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது மட்டும் புகை திரும்பினால் காரணம் வேறு. ஃபேன் வீட்டுக் காற்றை உறிஞ்ச, அந்த இடத்தை நிரப்பப் புகைபோக்கி வழியே காற்று இறங்குகிறது. ஒரு ஜன்னலைத் திறந்து பாருங்கள். புகை நின்றால், அடுப்புக்கென்று தனியாக வெளிக்காற்றுக் குழாய் வையுங்கள்.

கேள்வி: இரவு முழுக்கத் தணல் இருக்கட்டும் என்று காற்றுத் துளையை ஏறக்குறைய மூடிவிடுகிறோம். இதில் ஆபத்து உண்டா?

பதில்: உண்டு. காற்றில்லாமல் புகைந்துகொண்டே இருக்கும் விறகிலிருந்துதான் கிரியோசோட் மிகுதியாக வரும். குழாய்க்குள் புகை 120 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் அது சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஈர விறகு இதை இன்னும் மோசமாக்கும், ஏனென்றால் எரியும் சூட்டில் ஒரு பங்கு நீரை ஆவியாக்கவே போய்விடும். புதிதாக வெட்டிய விறகின் எடையில் பாதி வரைகூட நீராக இருக்கலாம். எரிக்கும்போது ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஈரப்பத மீட்டரால் அளக்கும்போது கட்டையை அப்போதுதான் பிளந்து, உள்முகத்தில் அளந்து பாருங்கள். வெளிப்புறம் பெரும்பாலும் காய்ந்ததாகவே காட்டும். அறைக்கு மிஞ்சிய பெரிய அடுப்பை வாங்கியவர்களும் சூடு தாங்காமல் காற்றை மூடி, இதே சிக்கலில்தான் மாட்டுகிறார்கள்.

படிவு 3 மி.மீ. கனமானதும் குழாயைத் துலக்கிவிடுங்கள். முதல் குளிர்காலத்தில் மாதம் ஒரு முறை திறந்து பார்த்தால், உங்கள் விறகுக்கு எத்தனை நாளில் படிகிறது என்று பிடிபடும். படிவு பற்றிக்கொண்டால் குழாய்க்குள் 1,000 டிகிரிக்கு மேல் ஏறலாம். பெரிய இரைச்சல் கேட்கும், குழாய் சிவக்கவும் கூடும். காற்றுத் துளையையும் கதவையும் மூடுங்கள், எல்லோரையும் வெளியேற்றுங்கள், தீயணைப்புத் துறையை அழையுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், கொதிக்கும் குழாய் வெடித்து விரியும். தீ தானாக அடங்கினாலும் புகைபோக்கியைச் சோதிக்காமல் மறுபடி பற்றவைக்காதீர்கள்.

கேள்வி: ஸ்மோக் அலாரம் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு அலாரம் தனியாக வேண்டுமா?

பதில்: கட்டாயம் வேண்டும். அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. அடுப்பு இருக்கும் அறையில் 1 முதல் 3 மீட்டர் தள்ளி ஒன்றும், படுக்கையறைக்கு ஒன்றும் வையுங்கள். அடுப்புக்கு நேர் மேலே மாட்டாதீர்கள். தலைவலியும் குமட்டலும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தால், காரணம் தேடுவதற்கு முன் வெளியே வந்துவிடுங்கள்.

கேள்வி: சாம்பலை மறுநாள் குப்பைத் தொட்டியில் கொட்டலாமா?

பதில்: வேண்டாம். ஆறியதாகத் தெரியும் சாம்பலுக்குள் தணல் மூன்று நான்கு நாள்கூட உயிரோடு இருக்கும். இறுக்கமான மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே மண்ணிலோ சிமெண்ட் தரையிலோ வையுங்கள். மரத் திண்ணையில் வைக்க வேண்டாம். குறைந்தது நான்கு நாள் கழித்துத் தண்ணீர் ஊற்றிக் கிளறிப் பார்த்து, அதன் பிறகே கொட்டுங்கள்.