பழைய லாரியில் மூன்றாம் கியர் தானாக விழுகிறது. கியர் பாக்ஸை மாற்றத்தான் வேண்டுமா?

2009 மாடல் ஆறு டயர் லாரி வைத்திருப்பதாகவும், பாரத்தோடு இறக்கத்தில் வரும்போது மூன்றாம் கியர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுவதாகவும், ஓட்டத்தில் ஒரு முனகல் சத்தம் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பட்டறையில் பெட்டியை அப்படியே மாற்ற வேண்டும், ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஆகும் என்று சொல்லிவிட்டதால், செலவு செய்வதா, வண்டியை விற்பதா என்று கேட்கிறீர்கள். நாமக்கல் பக்கத்தில் பதினெட்டு ஆண்டுகளாக லாரி வைத்திருப்பவன் நான். முதல் ஒன்பது ஆண்டுகள் நானே ஓட்டினேன். இதே கோளாறு எனக்கும் வந்தது.

செலவுக் கணக்குக்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கியர் விழும் வண்டியில் பாரம் ஏற்றி மலை இறக்கத்துக்கு அனுப்பாதீர்கள். தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் இறக்கத்தில் எத்தனை லாரிகள் கட்டுப்பாடு இழந்திருக்கின்றன என்பது நம் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். கியர் விழுந்த அந்த நொடியில் எஞ்சின் பிடிமானம் போய்விடுகிறது, முழு எடையும் பிரேக் டிரம்மின் மேல் வந்து விழுகிறது, டிரம் சூடேறிய பிறகு மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்பதில்லை. டிரைவர் லீவரைக் கையால் பிடித்துக்கொண்டே ஓட்டிவிடுவார் என்று நினைப்பதும் தவறு. அப்படிப் பிடித்து ஓட்டினால் உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பட்டறைக்காரர் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பெட்டியை இறக்காமலே பார்க்கக்கூடியவை நான்கைந்து இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் பெட்டிதான் என்று முடிவு கட்டுவதை ஏற்காதீர்கள். 2016-இல் சத்தம் கேட்கிறதென்று பெட்டியை இறக்கி, பேரிங் மாற்றி, பதினான்காயிரம் செலவழித்து ஏற்றினேன். அடுத்த நாள் அதே சத்தம் வந்தது. கடைசியில் பார்த்தால், பெட்டியிலிருந்து பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் சென்டர் பேரிங் போயிருந்தது. அதன் விலை பெட்டியை இறக்கி ஏற்றும் கூலியில் கால்வாசிகூட இல்லை.

முதலில் கியர் லீவரிலிருந்து பெட்டி வரை போகும் இணைப்பைப் பாருங்கள். நம் லாரிகளில் டிரைவர் உட்காருவது முன்னால், பெட்டி இருப்பது பின்னால், இடையில் கம்பியும் பால் ஜாயின்டும் அவற்றைத் தாங்கும் புஷ் என்ற வளையமும் இருக்கின்றன. புஷ் தேய்ந்தால் லீவர் கடைசிவரை போனதுபோல் கைக்குத் தெரியும், ஆனால் பெட்டிக்குள் கியர் பாதிதான் ஏறியிருக்கும், பாதி ஏறிய கியர் சுமை மாறியதும் கழன்று வந்துவிடும். சங்ககிரியில் எனக்குப் பழக்கமான மேஸ்திரி ஒருவர் இதைச் சோதிக்கும் முறை எளிமையானது. எஞ்சினை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, ஒருவரை உள்ளே உட்கார வைத்து மூன்றாம் கியரைப் போடச் சொல்வார். தான் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, இணைப்புக் கம்பி தள்ளும், பெட்டியின் மேலுள்ள நெம்புகோல் நின்ற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு இழுப்பார். பிறகு இணைப்பைக் கழற்றிவிட்டு, அந்த நெம்புகோலை நேரடியாகக் கையால் மூன்றாம் கியருக்குத் தள்ளுவார். முன்பு நின்ற இடத்தைத் தாண்டி அது இன்னும் கால் அங்குலம் உள்ளே போனால், கோளாறு வெளியே இருக்கிறது என்று பொருள். புஷ்ஷும் ஜாயின்டும் மாற்றினால் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். அதோடு கியர் பாக்ஸ் மவுன்டிங் ரப்பரையும், பெட்டியை எஞ்சினோடு இணைக்கும் பெல் ஹவுசிங் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள். பெட்டியே அசைந்தால் கியர் நிற்காது.

சத்தத்தைப் பொறுத்தவரை, அது எப்போது வருகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஓட, நியூட்ரலில் கிளட்சை விட்ட நிலையில் முனகல் கேட்டு, கிளட்சை மிதித்ததும் அது அடங்கினால், டாப் ஷாஃப்ட் (கிளட்சிலிருந்து பெட்டிக்குள் வரும் தண்டு) பேரிங் அல்லது கவுன்டர் ஷாஃப்ட் (அது சுழற்றும் துணைத் தண்டு) பேரிங்கில் சந்தேகம் வைக்கலாம், ஏனென்றால் மிதித்ததும் அந்த ஷாஃப்டுகள் நின்றுவிடுகின்றன. அதற்கு மாறாக, மிதிக்கும்போதுதான் சத்தம் பிறக்கிறது என்றால் அது கிளட்ச் பக்கத்திலுள்ள ரிலீஸ் பேரிங் அல்லது பைலட் பேரிங். பெட்டியைப் பிரிக்கவே வேண்டியதில்லை. டாப் கியர் நேர் கியராக உள்ள பெட்டிகளில் மற்ற எல்லாக் கியரிலும் சத்தம் வந்து டாப்பில் மட்டும் குறைகிறதென்றால், கவுன்டர் ஷாஃப்டின் பேரிங்கைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் டாப்பில் சுமை அந்த ஷாஃப்டின் வழியாகப் போவதில்லை. ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் என்றால் அந்தக் கியரின் பல்லில் பழுது. காலியான, சமதளமான, ஆள் நடமாட்டமில்லாத சாலையில் வெறும் வண்டியை ஓட்டி, நியூட்ரலுக்கு மாற்றி எஞ்சினை ஐடிலிங்கில் விட்ட பிறகும் வண்டியின் வேகத்தோடு சேர்ந்து சத்தம் தொடர்ந்தால், பெட்டியை விட்டுவிட்டு சென்டர் பேரிங், ஜாயின்ட் கிராஸ், பின் அச்சிலுள்ள கிரவுன் பினியன், வீல் பேரிங் என்று பின்னோக்கிப் போங்கள். இந்தச் சோதனையை இறக்கத்தில் ஒருபோதும் செய்யாதீர்கள்.

கியர் போடும்போது கரகரவென்று அரைத்தால் உடனே, கியர் சேரும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ வளையம் போய்விட்டது என்பார்கள். வண்டி நிற்கும்போது கிளட்சை முழுதாக மிதித்து, மெதுவாகப் பத்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். அப்போதும் அரைத்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று பொருள். பெடல் அட்ஜஸ்ட்மென்ட், கிளட்ச் பூஸ்டர், எண்ணெய்க் கசிவு ஆகியவற்றை முதலில் சரிபார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகும் சந்தேகம் பெட்டியின் மேலேயே நின்றால், அப்போதும் உடனே இறக்க வேண்டாம். அந்த மேஸ்திரி என்னிடம் சொன்னது இதுதான்: "தம்பி, பெட்டியை இறக்கறதுக்கு முன்னாடி எண்ணெயை இறக்கிப் பாருங்க." வண்டி சூடாக இருக்கும்போது சுத்தமான அகலச் சட்டியில் எண்ணெயை வடித்து வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டும். டிரெயின் பிளக்கின் காந்தத்தில் மைபோலச் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம், பயப்பட வேண்டாம். எண்ணெயில் தங்கப்பொடி தூவியதுபோல மினுமினுப்பு மிதந்தால் அது பித்தளை, சிங்க்ரோ வளையம் கரைகிறது. விரலால் தேய்க்கும்போது நறநறவென்று இரும்புச் செதில் தட்டுப்பட்டால் பேரிங் உதிர்கிறது. அரிசி அளவுக்குத் துண்டு கிடந்தால் பல் உடைந்திருக்கிறது. அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக்கூடாது. என் வண்டியின் சட்டியில் பித்தளையும் செதிலும் இரண்டுமே இருந்தன. அப்போதுதான் பெட்டியை இறக்கச் சம்மதித்தேன்.

2023-இல் எனக்கான செலவை அப்படியே தருகிறேன். இறக்கி, பிரித்து, கோத்து, ஏற்றிய கூலி 9,000 ரூபாய். பேரிங்குகள் 11,500. மூன்றாம், நான்காம் கியருக்கான சிங்க்ரோ செட் 8,400. மூன்றாம் கியர் சக்கரம் 6,200. ஆயில் சீல், பேக்கிங் 1,450. எண்ணெய் 3,400. கிளட்ச் பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும் 8,250. லேத் வேலை 1,650. ஆகமொத்தம் 49,850 ரூபாய். முதலில் எனக்கும் ஒரு பட்டறையில் லட்சத்துக்கு மேல்தான் சொன்னார்கள். வண்டி ஆறு நாள் நின்றதையும் நீங்கள் செலவில் சேர்க்க வேண்டும், வண்டி நின்றாலும் தவணை நிற்பதில்லை. இடத்துக்கும் பெட்டிக்கும் ஏற்பத் தொகை மாறும். அப்போது பல உதிரி பாகங்களுக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். ஆகவே உங்கள் பட்டறை கொடுத்த மதிப்பீட்டைப் பாகம் வாரியாக எழுதிக் கேளுங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் நான் வண்டியை விடமாட்டேன்.

கிளட்ச் பிளேட் இன்னும் ஆறு மாதம் வருமே, அதை ஏன் மாற்ற வேண்டும் என்று தோன்றும். கிளட்சைத் தொட வேண்டுமானால் எப்படியும் பெட்டியை இறக்கியாக வேண்டும். ஆறு மாதம் கழித்து அதே கூலியை மறுபடி கொடுப்பதைவிட இப்போதே மாற்றுவது நல்லது. அதேபோல் ஒரு பேரிங் போயிருந்தால் எல்லாப் பேரிங்கையும் மாற்றுங்கள். மூன்றாம் கியரை மட்டும் புதிதாகப் போட்டு, அதோடு சேர்ந்து பூட்டும் ஸ்லீவை (நகரும் வளையத்தை) பழையதாக விட்டால் கியர் மீண்டும் விழும்; பல்லின் முனை மழுங்குவது இரண்டிலும்தான். ஆட்டம் கண்ட மெயின் ஷாஃப்டும் கியரைத் தள்ளிவிடும் என்பதால், கோக்கும்போது நீளவாட்டு ஆட்டத்தை அளந்து ஷிம் (மெல்லிய தகடு) போடச் சொல்லுங்கள்.

பாகம் வாங்கப் போகும்போது வண்டியின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். டாடாவில் ஜி.பி.எஸ். (GBS) வரிசையிலேயே பல பெட்டிகள் உண்டு, அசோக் லேலண்டில் இசட்.எஃப். பெட்டி பொருத்திய வண்டிகளும் உண்டு. பதினைந்து ஆண்டுக்கு மேல் ஓடிய வண்டியில் முந்தைய உரிமையாளர் எந்தப் பெட்டியை மாற்றிப் பொருத்தினார் என்பது யாருக்குத் தெரியும்? பெட்டியில் உள்ள தகட்டைத் துடைத்து எண்ணைப் படமெடுத்துக்கொண்டு போங்கள்.

சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் கழற்றிய பழைய பெட்டி கிடைக்கும், அதைப் போட்டால் ஒரே நாளில் வண்டி புறப்பட்டுவிடும். உங்கள் பெட்டியின் ஹவுசிங்கே உடைந்திருந்தால் தவிர நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வாங்கியே ஆக வேண்டுமென்றால் மேல் மூடியைத் திறக்கச் செய்து, ஒவ்வொரு பல்லையும் டார்ச் அடித்துப் பாருங்கள், டாப் ஷாஃப்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். திறக்க விடாதவரிடம் வாங்க வேண்டாம்.

விற்பது பற்றிக் கேட்டீர்கள். கியர் விழும் வண்டியை வாங்க வருபவர் பத்து நிமிடம் ஓட்டினாலே கண்டுபிடித்துவிடுவார், பழுதுச் செலவைப்போல் இரண்டு மடங்கு குறைத்துக் கேட்பார். எஞ்சின் ஆயில் குடிக்காமல், புகை தள்ளாமல், சேஸில் விரிசல் இல்லாமல் இருந்தால் பெட்டியைச் சரிசெய்து ஓட்டுங்கள் என்பதுதான் என் கருத்து. எஞ்சினும் வேலை கேட்கிறது என்றால் இரண்டு செலவையும் கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள். எட்டு ஆண்டு கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும், பெயின்ட், பிரேக் வேலைக்காக அப்போது எப்படியும் வண்டி நிற்கும். அந்த நாள் அருகில் இருந்தால், இடைப்பட்ட நாட்களில் வண்டியை ஓட்டாமல் நிறுத்தி வைத்து, இரண்டு வேலையையும் ஒன்றாக முடித்துக்கொள்ளுங்கள்.

ஏற்றிய பிறகு கையேட்டில் சொன்ன தர எண்ணெயையே ஊற்றச் சொல்லுங்கள். கிரவுனுக்கு ஊற்றும் ஜி.எல்.-5 எண்ணெய் மிச்சமிருக்கிறதென்று அதையே பெட்டிக்கும் ஊற்றுவது பல பட்டறைகளில் வழக்கம், அதிலுள்ள கந்தகச் சேர்மானம் பித்தளை வளையத்தை அரிக்கக்கூடும். பெட்டியின் மேலுள்ள காற்றுத் துளையில் மண் அடைத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறிப் புது ஆயில் சீலும் கசியும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் எண்ணெயை ஒருமுறை வடித்து, காந்தத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

இப்போதைக்குச் சாக்பீஸ் சோதனையையும் எண்ணெய்ச் சோதனையையும் முடித்துவிட்டு, சட்டியில் என்ன கண்டீர்கள் என்பதைக் கருத்துரையில் எழுதுங்கள். அதற்கேற்ப மேற்கொண்டு சொல்கிறேன்.