அத்தைக்கு ஒரு தெரு வேண்டும்

கேள்வி: பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் சொந்த வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு ஜனவரியில் சென்னை சிறுசேரி சிப்காட்டில் வேலை கிடைத்தது. இப்போது நாவலூரில் ஒரு ஹாஸ்டலில் தங்கியிருக்கிறார். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் மே மாதம் நாங்களும் போகிறோம். நான், ஒன்பதாவது படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் மகன், 71 வயது மாமியார். ஆபீசுக்குப் பத்து நிமிட தூரத்தில், ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் பதினோராவது மாடியில் வீடு பார்த்து வைத்திருக்கிறார். வாடகை 24 ஆயிரம், மெயின்டனன்ஸ் தனி. கிழக்குத் தாம்பரத்தில் இருக்கும் என் சித்தியோ, "இங்கே 17 ஆயிரத்துக்குக் கீழ்வீடே கிடைக்கும், வந்துவிடு" என்கிறார். ஊர் வீட்டை விற்றுவிட்டு அங்கேயே ஃபிளாட் வாங்கலாம் என்றும் கணவருக்கு யோசனை. மகளை மட்டும் பத்தாவது முடியும்வரை என் அம்மா வீட்டில் விடலாமா என்று எனக்குக் குழப்பம். மாமியாருக்கு மூட்டுவலி. பாளை சித்த மருத்துவக் கல்லூரியில்தான் மருந்து வாங்குகிறார். சாயங்காலம் வாசலில் நாலு பேரோடு பேசாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. எந்த ஏரியா எங்களுக்குச் சரியாக வரும்?
— பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் கணவர் சொல்வது இருக்கிறது, சித்தி சொல்வது இருக்கிறது. அத்தை என்ன சொன்னார், மகள் என்ன சொன்னாள் என்று ஒரு வரிகூட இல்லை. கேட்டிருப்பீர்கள், எழுத விட்டுப்போயிருக்கும். கேட்கவில்லை என்றால் இன்று ராத்திரியே கேட்டுவிடுங்கள். உங்கள் கணவர் காலையில் போய் இருட்டிய பிறகு திரும்புவார். அந்த ஏரியாவில் பகல் முழுக்க இருக்கப்போவது நீங்களும் அத்தையும்தான். சாயங்காலம் முழுக்க இருக்கப்போவது பிள்ளைகள். யார் அதிக நேரம் இருப்பார்களோ அவர்களை வைத்துத்தான் ஏரியாவைப் பார்க்க வேண்டும். நான் இதில் உறுதியாக இருக்கிறேன்.

கணவரைக் குறை சொல்லவில்லை. மூன்று நான்கு மாதமாக ஹாஸ்டலில் இருந்து அவர் பார்த்த நாவலூர், தனியாக இருந்து வேலைக்குப் போய்வரும் ஒருவருடைய நாவலூர். அப்படிப்பட்டவருக்கு அது மிக நல்ல இடம். ஆபீஸ் பக்கம், சாப்பாடு எந்த நேரமும் கிடைக்கும், அவ்வளவுதானே வேண்டும். அத்தையின் கண்ணால் அதே இடத்தைப் பாருங்கள். பதினோராவது மாடி. லிஃப்ட் உண்டு, கீழே தோட்டம் உண்டு, காவலாளி உண்டு. ஆனால் கேட்டைத் தாண்டினால் ராஜீவ் காந்தி சாலை. பல வழித்தடங்களில் வண்டிகள் பறக்கிற அந்த ரோட்டை மூட்டுவலிக்காரர் தனியாகக் கடக்க முடியாது. வெற்றிலை வாங்கவும், கோயிலுக்குப் போகவும், மருந்து வாங்கவும் உங்களையோ ஆட்டோவையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார். பெருமாள்புரத்தில் தானாகவே நடமாடிய மனுஷி ஆறே மாதத்தில் டிவிக்கு முன்னால் ஒடுங்கிப்போவார். ஊரிலிருந்து மகன் வீட்டுக்கு வந்த எத்தனையோ பெரியவர்களை இப்படிப் பார்த்துவிட்டேன். மனது தாங்கவில்லை.

அடுத்து தண்ணீர். நாவலூரும் சிறுசேரியும் சென்னை மாநகராட்சி எல்லைக்கு வெளியே, செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கின்றன. அந்தப் பக்கம் பல குடியிருப்புகள் லாரித் தண்ணீரை நம்பித்தான் ஓடுகின்றன. கடலோரம் என்பதால் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. அதனால், "மெயின்டனன்ஸ் எவ்வளவு?" என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். போன வருஷம் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் வந்த மெயின்டனன்ஸ் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். கோடையில் லாரிச் செலவு ஏறியதா இல்லையா என்று அதிலேயே தெரிந்துவிடும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டாவது ஆலை 2024-ல் வந்த பிறகு நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறது. இருந்தாலும் தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு முதல் இரண்டு மாதம் தலைமுடியும் பருப்பும் படுத்துகிற பாடு தனி. பருப்பு வேகாதபோது கேஸைக் குறை சொல்லாதீர்கள், தண்ணீர்தான் காரணம்.

தண்ணீர் இல்லாதது ஒரு கஷ்டம் என்றால், வேண்டாத தண்ணீர் வீட்டுக்குள் வருவது இன்னொன்று. இதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். நாங்கள் கோவில்பட்டியிலிருந்து வந்து 2005 மே மாதம் மடிப்பாக்கத்தில் வீடு பிடித்தோம். நல்ல காற்று, அகலமான தெரு, சுத்தமான வீடு. வீட்டுக்காரர் மழையைப் பற்றி வாயே திறக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அக்டோபர் கடைசியில் ஒரே ராத்திரியில் முழங்காலுக்குத் தண்ணீர். என் கல்யாணப் பட்டு, பிள்ளையின் புத்தகம், அரிசி மூட்டை எல்லாம் போயிற்று. வடிந்த பிறகு தெருமுனையில் துணி தேய்க்கிறவர், "கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனேக்கா, இந்தத் தெரு மட்டும்தான் தேங்கும், அடுத்த தெரு தேங்காது" என்றார். அன்றிலிருந்து யார் வீடு பார்க்கப் போனாலும், முதலில் தேய்க்கிற வண்டிக்காரரிடம் பேசச் சொல்கிறேன்.

தென்சென்னையில் இது ஏன் இப்படி என்று தெரிந்துகொள்வது நல்லது. அந்தப் பக்கத்து முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, முட்டுக்காடு பக்கம் கடலுக்குப் போக வேண்டும். அந்தச் சதுப்பு நிலம் வரவரச் சுருங்கி, ஓரமெல்லாம் வீடாகிவிட்டது. 2022-ல் ராம்சார் தளமாக, அதாவது உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலமாக அறிவிக்கப்பட்டது எஞ்சிய பகுதிதான். அதனால் பெருமழை பெய்தால் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் தாழ்விடங்களில் தண்ணீர் நின்று நிதானமாகத்தான் வடியும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பார்த்தோம். தாம்பரம் பக்கமும் முழுக்கப் பத்திரம் என்று சொல்லமாட்டேன். மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் அடையாற்றுத் தண்ணீரில் 2015-ல் பட்ட பாட்டை ஊரே அறியும். கிழக்கிலும் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று ஏரிக்கு ஓர் ஊராக இருக்கிறது. ஏரிக்கரையை ஒட்டிய தெரு என்றால் ஒன்றுக்கு இரண்டு முறை விசாரியுங்கள்.

வீட்டுக்குள் நுழையும் முன்பே சில விஷயம் பார்க்கலாம். தெரு உயரமா, வாசல் உயரமா? ரோட்டின் மேலேயே ரோடு போட்டுப் போட்டு, பழைய வீடுகள் பலவும் தெருவைவிடத் தாழ்ந்துபோயிருக்கின்றன. இறங்கிப் போகிற வாசல் என்றால் வேண்டாம். காம்பவுண்டு சுவரில் பழைய தண்ணீர்க் கோடு இருக்கிறதா, ஈபி மீட்டர் பெட்டியைப் பெயர்த்து உயரத்தில் வைத்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். புது பெயின்ட் கோட்டை மறைக்கும், மீட்டர் பெட்டி இருக்கும் உயரத்தை மறைக்காது.

இப்போது நேரே சொல்கிறேன். உங்கள் குடும்பத்துக்கு கிழக்குத் தாம்பரம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் வட்டாரம்தான் பொருந்தும். கீழ்வீடு, இல்லாவிட்டால் முதல் மாடி. அத்தை நடந்துபோய்க் காய் வாங்கவும், வாசலில் உட்கார்ந்து பேசவும் அங்கே இன்னும் தெரு என்று ஒன்று இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பாளையில் வாங்குகிற மருந்துச் சீட்டையும் பழைய குறிப்புகளையும் எடுத்துவந்து அங்கே காட்டித் தொடரலாம். உங்கள் அத்தைக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் இருக்காது என்று நினைக்கிறேன். மாடம்பாக்கத்தில் சோழர் காலத்து தேனுபுரீசுவரர் கோயில் பக்கம். ஊரிலிருந்து வருகிற ரயில்கள் தாம்பரத்தில் நிற்கும். பஸ் என்றால் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் அருகில். பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் ஊருக்குப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமே இல்லை. சித்தியும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். புது ஊரில் பிள்ளைக்கு ராத்திரி காய்ச்சல் வந்தால் கதவைத் தட்ட ஒரு வீடு இருப்பதை எந்த வாடகைக் கணக்கிலும் சேர்க்க முடியாது.

இதில் நஷ்டம் உங்கள் கணவருக்குத்தான், அதை மறைக்கக் கூடாது. தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்கு மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகப் போனாலும், வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் போனாலும் ஒரு வழிக்கு ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். மழைநாளில் அதற்கும் மேல். அவருடைய கம்பெனி பஸ் தாம்பரம் பக்கம் வருகிறதா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். வந்தால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது. வராவிட்டால் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு சித்தி வீட்டிலிருந்து கிளம்பி ஆபீஸ் போய்ப் பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு "நாற்பது நிமிஷம்தான்" என்று கணக்குப் போட வேண்டாம். தினமும் முடியவே முடியாது என்று அவர் சொன்னால், நடுவழியில் மேடவாக்கத்தின் மேடான தெருக்களில் தேடலாம். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை மெட்ரோ பாதை வேலை நடக்கிறது, வந்தால் நல்லதுதான். ஓடாத ரயிலை நம்பி இன்றைக்கு வீடு பிடிக்காதீர்கள், கூட வாடகையும் கொடுக்காதீர்கள்.

மகள் விஷயம். மாநிலப் பாடத்திட்டம் என்றால் பாளையிலும் தாம்பரத்திலும் ஒரே புத்தகம்தான், படிப்பு கெடாது. சிக்கல் வேறு இடத்தில். பத்தாவதுக்குப் புதுப்பிள்ளையைச் சேர்க்கத் தனியார் பள்ளிகள் பல தயங்கும். சில பள்ளிகள் ஏப்ரலிலேயே பத்தாவது பாடத்தைத் தொடங்கிவிடும். அதனால் பள்ளி இடம் உறுதியான பிறகே வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுங்கள், முன்னால் வேண்டாம். பாளைப் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போதே எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளத்திலும் இரண்டு பிள்ளைகளையும் விடுவிக்கச் சொல்லிவிட்டு வாருங்கள். அது நடக்காமல் இங்கே சேர்க்கை முடியாமல் அலைகிறவர்கள் நிறைய. அவளை ஆச்சி வீட்டில் விடுவது தப்பில்லை, அவளே கேட்டால். தோழிகளோடு பத்தாவதை முடிக்க ஆசைப்படுகிற பிள்ளை அங்கே நிம்மதியாகப் படிப்பாள். "எல்லாரும் போறீங்க, என்னை மட்டும் விட்டுட்டுப் போறீங்களா" என்று ஒரு தடவை கேட்டாலும் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். பதினான்கு, பதினைந்து வயதில் அந்த எண்ணம் மனதில் விழுந்தால் எடுப்பது கஷ்டம். மார்க் இருபது குறைந்தால் குறையட்டும்.

ஊர் வீட்டை விற்க இது நேரமில்லை. ஒரு வருஷம் வாடகைக்கு விடுங்கள். ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் சென்னையில் வாடகை வீட்டில் கழித்த பிறகுதான் எங்கே வாங்குவது என்று உங்களுக்கே தெரியும். அந்த வேலை நிலைக்குமா, அத்தைக்கு ஊர் ஒத்துக்கொள்கிறதா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும். அது சரிவராமல் போனால், திரும்பிப் போக அவருக்கு ஒரு வாசல் இருக்கட்டும்.

வாடகை ஒப்பந்தத்தில் ஏமாந்துவிடாதீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் முன்பணமாகச் சொல்கிறது. ஆனால் நீங்களே கூடுதலாகக் கொடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் அது செல்லும். ஆறு மாதம், பத்து மாதம் என்று கேட்பவர்களிடம் பேசிக் குறையுங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். காலி செய்யும்போது பெயின்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள், கரன்ட்டுக்குத் தனி மீட்டரா, மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவார்கள் என்பதை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். ரேஷனுக்கு அவசரமில்லை, மாநிலத்தில் எந்தக் கடையிலும் உங்கள் கார்டுக்கு வாங்கலாம். முகவரியை மெதுவாக மாற்றிக்கொள்ளுங்கள்.

நீங்களும் கணவரும் மட்டும் வந்து வீடு பார்த்து முடித்துவிட்டு, அத்தையிடம் போட்டோ காட்டாதீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரையும் மகளையும் கூட்டிக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறுங்கள். காலையில் தாம்பரத்தில் இறங்கி, சித்தி வீட்டில் குளித்துவிட்டு, சேலையூர்த் தெருக்களில் அத்தையை அவர் வேகத்தில் நடக்க விடுங்கள். அன்று மத்தியானம் நாவலூர் வீட்டையும் காட்டிவிடுங்கள், கணவர் பார்த்து வைத்த வீடல்லவா, அதற்கும் மரியாதை வேண்டும். திரும்பும்போது ரயிலில் அத்தையிடம் கேளுங்கள், எந்த வாசலில் உட்கார அவருக்குப் பிடித்தது என்று.