மாடிக் காற்றை அளக்கும் பெண்ணை எதில் சேர்ப்பது?

உங்கள் மகள் பிளஸ் டூ, அடுத்து எதில் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மாலையானால் மொட்டை மாடியில் பட்டமும் கையுமாக நிற்கிறாள், எது நன்றாகப் பறக்கிறது என்று ஒப்பிட்டு நோட்டில் காற்று வேகம் குறிக்கிறாள். சொந்தக்காரர்களோ கம்ப்யூட்டர் சயின்ஸைத் தவிர எதுவும் கூடாது என்கிறார்கள். உங்கள் கவலை புரிகிறது. ஆனால் அவர்கள் சொல்வது தவறு. பட்டம் என்றதும் ஏரோஸ்பேஸ் என்று நீங்கள் தாவியதும் அவசரம்தான். அங்கே பெரும்பாலும் சீரான காற்றில் பறக்கும் பொருளைப் படிப்பார்கள். இவள் கேட்பது, கட்டடம் கலைத்துவிட்ட காற்றைப் பற்றி. அதற்குக் காற்றுப் பொறியியல் என்றே துறை இருக்கிறது. சிவிலோ மெக்கானிக்கலோ முடித்து மேற்படிப்பில் எடுக்கலாம்.

சுவரில் மோதும் காற்று மேலேறி, கூரை விளிம்பில் பிய்த்துக்கொண்டு போகிறது. அதற்கடியில், தளத்தை ஒட்டி, எதிர்த்திசையில் சுழல்கிறது. கைப்பிடிச் சுவரோரம் பட்டம் குப்புற விழுவது அதனால்தான். காற்று மூலைவாட்டில் வந்தால் இரு விளிம்பிலும் கூம்புச் சுழல்கள் கிளம்பும். புயலில் கூரைத் தகடு முதலில் பிய்வதும் பெரும்பாலும் அந்த மூலையில்தான். உயரக் கட்டடம், பாலம், சோலார் பேனல் சட்டம் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு வேண்டும்.

இப்போதே ஒரு வேலை கொடுங்கள். நீளக் கழியில் 1, 2, 4, 6 மீட்டர் உயரங்களில் ரிப்பன் கட்டி, விளிம்பிலும் நடுவிலுமாக நிறுத்தி வீடியோ எடுக்கட்டும். எந்த ரிப்பன்வரை பின்னோக்கிப் புரள்கிறதோ, அந்த உயரம்வரை பட்டச் சோதனைக்கு ஆகாது. காற்று வேகத்தை அளக்கும் கிண்ண அனிமோமீட்டரை நெஞ்சுயரத்தில் பிடிப்பது எல்லாரும் செய்யும் தவறு. அதில் சுழலும் கிண்ணத்துக்குத் திசை தெரியாது. பின்னோட்டத்தையும் நல்ல காற்றாகவே எண்ணும். ரிப்பன் காற்றுத் திசையில் நேராகப் பறக்கும் உயரத்தில் அதை வைத்து, நொடிக்கு ஓர் அளவாக 10 நிமிடம் எடுக்க வேண்டும். திட்ட விலக்கத்தை, அதாவது அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதை, சராசரியால் வகுத்தால் காற்றின் கொந்தளிப்பு அளவு வரும். சராசரி நொடிக்கு 5 மீட்டர், விலக்கம் 1.5 என்றால் 30 சதவீதம். அங்கே எந்தப் பட்டத்தையும் ஒப்பிட முடியாது. இழுவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், 5 என்பது 7 ஆனாலே நூல் ஏறக்குறைய இரு மடங்கு இழுக்கும்.

கம்ப்யூட்டரும் இதற்குள்ளேயே வருகிறது. காற்றோட்டத்தைக் கணினியில் கணக்கிடும் ஓப்பன்ஃபோம் மென்பொருள் இலவசம். கட்டட உயரத்தைப்போல முன்னால் 5 மடங்கு, பின்னால் 15 மடங்கு வெளி விட்டு ஓட்டிப் பார்க்கட்டும். அதில் கொந்தளிப்பைக் கணக்கிடும் சாதாரண கே-எப்சிலான் என்ற கணித மாதிரி, முன்விளிம்பில் கொந்தளிப்பை மிகையாக்கி, கூரைமேல் பின்னோட்டத்தை மழுப்பிவிடும். ரிப்பன் வீடியோ கையில் இருப்பவள் அந்தப் பொய்யை உடனே பிடித்துவிடுவாள்.

பணத்தில் மட்டும் கறாராக இருங்கள். பாடப்பிரிவின் பெயருக்காகக் கடன் வாங்காதீர்கள். கல்லூரிக்கு நேரில் போய், மாதிரிகள்மேல் காற்றை ஓட்டிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கம் ஓடுகிறதா, மாணவர்களைத் தொட விடுகிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் கட்டணம் குறைந்த கல்லூரியே போதும்.

கழியை மின்கம்பிப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். விளிம்பில் அவள் தனியாக நிற்கவும் கூடாது. அறிவுரை சொல்ல வரும் சித்தப்பாவையே கழியின் அடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.