ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டினால் என்ன?

காரில் மாற்றம் செய்வது பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, வண்டியைத் தரையோடு தரையாக இறக்குவது பற்றி. மீதியில் பெரும்பங்கு, பின்னால் விங் வைப்பது பற்றி, அதாவது காற்றை வைத்து வண்டியைக் கீழே அழுத்தும் இறக்கை. டயரைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கே: என் வண்டிக்கு எந்த சஸ்பென்ஷன் நல்லது? (சேலம்)

எந்த வண்டி, எந்த வருஷம், எங்கே ஓட்டுகிறீர்கள்? ஜோசியர்கூட நட்சத்திரம் கேட்டுவிட்டுத்தான் பலன் சொல்வார். திரும்ப எழுதுங்கள்.

கே: டொயோட்டா 86 வைத்திருக்கிறேன். பின்னால் பெரிய விங் வைத்தால் வளைவில் பிடிப்பு கூடுமா? (ஈப்போ)

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 60-ல் கிடைப்பதுபோல் 120-ல் நாலு மடங்கு. அதாவது, ஊருக்குள் அந்த விங் கொடுப்பது அனேகமாகப் பூஜ்யம். உங்கள் நெடுஞ்சாலையில் சட்டம் அனுமதிக்கும் 110-ல் ஓரளவு நல்ல விங் இருபது, இருபத்தைந்து கிலோ அழுத்தும். டிக்கியில் ஒரு சிப்பம் அரிசி வைத்த கனம், அவ்வளவுதான். முன்பக்கத்தை அழுத்த பம்பருக்குக் கீழே வைக்கும் பலகையான ஸ்பிளிட்டர் இல்லாமல் பின்னால் மட்டும் அழுத்தினால், வேகம் கூடக்கூட முன் சக்கரம் சொன்ன பேச்சைக் கேட்காது.

அந்த ஸ்போர்ட்ஸ் காரின் கம்பெனி டயர் 215 மி.மீ. அகலம்தான். பெட்ரோல் சிக்கனத்துக்கான பிரியஸுக்குப் போட்ட அதே டயர்! ரேஸுக்கு அல்ல, விளையாட்டாகப் பின்பக்கம் வழுக்கட்டும் என்று டொயோட்டா வேண்டுமென்றே போட்டது. இன்னும் அதில்தான் ஓடுகிறீர்கள் என்றால், விங் வாங்கும் காசை நல்ல டயரில் போடுங்கள். முதலில் டயர், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

கே: என்னுடையது ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. வருஷத்துக்கு மூன்று முறை கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் ஓட்டுவேன், மற்ற நாளெல்லாம் ஆபீஸ். லோயரிங் ஸ்பிரிங்கா, காயிலோவரா? (கோவை)

மூன்று நாளைக்காக மிச்ச 362 நாள் முதுகை உடைத்துக்கொள்ள வேண்டாம். 25, 30 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங், அதற்குப் பொருத்தமான ஷாக் அப்சார்பர், போதும். காயிலோவர் என்பது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த, உயரத்தை மாற்றக்கூடிய செட். உயரம் மட்டும் மாற்ற முடிகிற மலிவுக் காயிலோவரில் உள்ளே இருக்கும் ஷாக்தான் மட்டம். பளபளக்கும் கலரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

முன்னால் இருப்பது மெக்பர்சன் ஸ்ட்ரட், ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு. இறக்க இறக்க, சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி, வெளி நுனி மேல்நோக்கிச் சாயும். அப்போது ரோல் சென்டர் (வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது), வண்டியின் ஈர்ப்பு மையம் இறங்கியதைவிட அதிகமாக இறங்கிவிடும். வண்டி தாழ்வாக இருக்கும், ஆனால் சாய வைக்கும் விசை முன்பைவிடக் கூடியிருக்கும். குனிந்து அந்த ஆர்மைப் பாருங்கள். அது கிடையாக வந்துவிட்டால் அதோடு நிறுத்துங்கள். வேலை முடிந்ததும் சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் அலைன்மென்ட் செய்யுங்கள்.

கே: எங்கள் மெக்கானிக், "ஸ்பிரிங் வாங்குவது வீண்செலவு, இருப்பதிலேயே ஒரு சுற்று வெட்டிவிடலாம்" என்கிறார். சரிதானே? (மதுரை)

சரியில்லை. பத்து வருஷமாக இதையே எழுதுகிறேன், ஸ்பிரிங் வெட்டும் கிரைண்டர் மட்டும் ஓயவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு ஹேட்ச்பேக் பட்டறைக்கு வந்தது. "பின்னால் டொக் டொக் சத்தம், ரப்பர் புஷ் போயிருக்கும்" என்றார் அதை ஓட்டி வந்த தம்பி. ஜாக்கி போட்டுத் தூக்கினேன். சக்கரம் தொங்கியதும் இடது பக்க ஸ்பிரிங் டங்கென்று விழுந்து என் கால் வரைக்கும் உருண்டு வந்தது. மேல் நுனியில் கிரைண்டர் வெட்டிய நீலக்கறை அப்படியே இருந்தது. ரப்பர் சீட்டில் அந்த முனை குத்திக் குத்தி ஒரு விரல் ஆழத்துக்குப் பள்ளம். அந்த வண்டியில் பின் ஸ்பிரிங்கை எதுவும் பிடித்து வைப்பதில்லை. பின் சக்கரங்களை இணைக்கும் பீமுக்கும் பாடிக்கும் நடுவே வெறுமனே உட்கார்ந்திருக்கும். வெட்டினால் நீளம் போதாது. வேகத்தடையில் சக்கரம் தொங்கும்போதெல்லாம் அது எழுந்து ஆடியிருக்கிறது. டொக் டொக் அதுதான்.

கணக்கும் பாருங்கள். வேலை செய்கிற சுற்று ஐந்து இருக்கும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் விறைப்பு கால் பங்கு கூடும். ஆனால் சக்கரம் அமுங்க இருந்த இடமோ பாதிக்கு மேல் போய்விடும். அந்த 25 சதவீத விறைப்பு அதை ஈடுகட்டாது. சின்னக் குழிக்கே பம்ப் ஸ்டாப்பில், அதாவது கடைசியில் தடுக்கும் ரப்பர் கட்டையில், இடிக்கும். வளைவின் நடுவில் இடித்தால் அந்தச் சக்கரத்தில் ஸ்பிரிங்கே இல்லாத மாதிரி. டயர் பிடியை விட்டுவிடும். நெருக்கமாகச் சுற்றிய முனையை வெட்டினால் மென்மையாக இருந்த பகுதியே போயிற்று. கம்பெனி ஷாக்கும் இந்த விறைப்புக்குச் செய்தது அல்ல, சீக்கிரம் களைத்துப்போகும். கேஸ் டார்ச்சால் சூடேற்றி உட்கார வைப்பவர்கள் இன்னும் மோசம். ஸ்டீலின் பதமே போய்விடும்.

கடையில் விற்கும் ஸ்பிரிங்கும் குட்டைதானே என்பார் உங்கள் மெக்கானிக். குட்டைதான். ஆனால் கம்பியின் கனமும் சுற்றின் இடைவெளியும் கணக்குப் போட்டு மாற்றியது, சக்கரம் தொங்கினாலும் சீட்டை விட்டு எழாதது. வெட்டச் சொன்னவரை, பிள்ளைகளைப் பின் சீட்டில் உட்காரவைத்து அந்த வண்டியில் கொடைக்கானல் போய் வரச் சொல்லுங்கள்.

கே: ஃபைபர் பானெட் போட்டால் வேகம் கூடுமா? (திருச்சி)

கூடாது. போட்டே தீர வேண்டுமென்றால், பானெட்டைப் பூட்டிப் பிடிக்கும் 'பின்'களும் போடுங்கள், அது திறந்துகொண்டு கண்ணாடியில் வந்து அறையாமல் இருக்கும்.

கே: சக்கரம் வெளியே வர 20 மி.மீ. ஸ்பேசர் வாங்கியிருக்கிறேன். இதுவும் போலோதான். (ஓசூர்)

வாங்கிவிட்டுக் கேட்கிறீர்கள். ஸ்பேசர் என்பது சக்கரத்துக்கும் அதைத் தாங்கும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் தகடு. உங்கள் சக்கரத்தைப் பிடிப்பது நட்டு அல்ல, போல்ட்டு. பழைய போல்ட்டையே போட்டால் ஹப்பில் ஒன்றிரண்டு மரைதான் பிடிக்கும், சக்கரம் கழன்று உங்களை முந்திக்கொண்டு போகும். ஸ்பேசரின் கனத்துக்கு ஏற்ற நீளத்தில் போல்ட்டு வேண்டும். ஸ்பேசரின் நடு ஓட்டை 57.1 மி.மீ. ஹப்பில் ஆடாமல் உட்கார வேண்டும். பேரிங் சீக்கிரம் ஊளையிடும், தயாராக இருங்கள். ஃபெண்டரை டயர் உரசுகிறதா என்று நாலு பேரை ஏற்றிப் பாருங்கள்.

கே: வண்டியின் பக்கங்களை அகலமாக்கும் வைடுபாடி கிட் போட்டால் போலீஸ் பிடிக்குமா? (சென்னை)

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. அதைவிட, விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ்காரர் கேட்கும் கேள்விகள் கஷ்டம். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு மட்டும் என்றால், லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் ஓட்டுங்கள். போகும்போது நல்ல டயர் போட்டுக்கொண்டு போங்கள்.