இடதுசாரி என்று சொல்லிக்கொள்கிறீர்களே, அன்றாட வாழ்க்கையில் அதற்கு என்னதான் அர்த்தம்?

கேள்வி கேட்டவர் கூடவே, "வாட்ஸ்அப்பில் சண்டை போடுவதைத் தவிர?" என்றும் சேர்த்திருக்கிறார். நியாயமான சந்தேகம்தான். நானும் போட்டிருக்கிறேன், ஒரு பயனும் இல்லை.

நான் கட்சிக்காரன் இல்லை. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. தத்துவப் புத்தகங்கள் அலமாரியில் இருக்கின்றன, பெரும்பாலானவற்றில் முப்பதாம் பக்கத்தோடு பக்கக்குறி நின்றுபோயிருக்கிறது. என் அரசியல் எனக்கே தெளிவானது ஒரு மாதக் கடைசி சாயங்காலத்தில்.

மறுநாள் இயக்குநர்கள் கூட்டம். ஆறரை மணிக்கு மேலாளர் வந்து, "இன்னிக்குக் கொஞ்சம் இருந்து முடிச்சுட்டுப் போக முடியுமா?" என்றார். "இன்னிக்கு முடியாது சார், காலையில ஏழு மணிக்கே வந்துடறேன்" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். பையை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது, கூட்ட அறையில் எங்கள் தளத்தைச் சுத்தம் செய்யும் அக்கா கண்ணாடி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரையும் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். கை நிற்கவே இல்லை. "சாவி பக்கத்து வீட்ல இருக்கு, வாங்கிக்க. பயமா இருந்தா அங்கயே உக்காந்து படி. அம்மா வர லேட்டாகும்."

லிஃப்டில் இறங்கும்போதுதான் உறைத்தது. ஒரே கட்டடம், ஒரே கூட்டம், ஒரே நாள். என்னிடம் 'முடியுமா?' என்று கேட்டார்கள். அவரிடம் யாரும் கேட்கவில்லை. நான் சொன்ன 'முடியாது'க்கு ஒரு பைசா செலவில்லை. அவர் சொல்லியிருந்தால் வேலையே போயிருக்கலாம். அன்றிலிருந்து எந்த விஷயமானாலும் முதலில் இதைத்தான் பார்க்கிறேன்: இங்கே யாரால் 'முடியாது' என்று சொல்ல முடியும், யாரால் சொல்ல முடியாது?

வேடிக்கை என்னவென்றால், இடது, வலது என்ற பேச்சே இப்படி ஒரு தகராறில்தான் தொடங்கியது. 1789இல் பிரான்சின் தேசிய சபையில், சபை நிறைவேற்றும் சட்டத்தை 'முடியாது' என்று தடுக்கும் அதிகாரம் மன்னருக்கு இருக்கலாமா என்று விவாதம் வந்தது. வேண்டும் என்றவர்கள் தலைவருக்கு வலப்பக்கமும், கூடாது என்றவர்கள் இடப்பக்கமும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். இன்றுவரை நாம் அந்த நாற்காலி வரிசையை வைத்துத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சரி, வேலை விஷயத்துக்கு வருவோம். "பிடிக்கலைன்னா வேற வேலை பாத்துக்க வேண்டியதுதானே, யாரு கையைப் பிடிச்சு வெச்சிருக்காங்க?" என்று என் நண்பன் ஒருவன் எப்போதும் கேட்பான். நல்லவன், தன் உழைப்பில் முன்னுக்கு வந்தவன். அவனுக்கு நான் சொல்வது ராணா பிளாசாவைத்தான். வங்கதேசத் தலைநகர் டாக்காவுக்கு அருகே, சாவரில் இருந்த எட்டு மாடிக் கட்டடம். 2013 ஏப்ரல் 23 அன்று சுவர்களில் பெரிய விரிசல்கள் தெரிந்தன. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேலே இருந்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளின் ஆட்களை மட்டும் மறுநாள் காலை உள்ளே வரச் சொன்னார்கள். வராவிட்டால் சம்பளம் கிடைக்காது என்ற மிரட்டலோடு. விரிசலைப் பார்த்தவர்கள்தான் உள்ளே போனார்கள். அன்று காலையே கட்டடம் சரிந்தது. 1,134 பேர் செத்தார்கள்.

யாரும் அவர்கள் கையைப் பிடித்து இழுக்கவில்லை என்பது உண்மைதான். மாதக் கடைசி மட்டும் இழுத்தது. அதன் பிறகு பெரிய ஆடை நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து போட்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தில் ஒரு விதி வந்தது: ஆபத்து என்று தோன்றினால் வேலை செய்ய மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. ஒரு சாதாரண 'முடியாது' காகிதத்தில் ஏற 1,134 உயிர் தேவைப்பட்டிருக்கிறது. தொழிற்சங்கம் எதற்கு என்று கேட்பவர்களிடம் இதற்குமேல் எனக்குப் பேச்சு வருவதில்லை.

நான் ஆறரை மணிக்குப் பையைத் தூக்கியதும் என் சாமர்த்தியம் கிடையாது. எட்டு மணி நேர வேலை என்ற கோஷத்தை பிரிட்டிஷ் சீர்திருத்தவாதி ராபர்ட் ஓவன் 1817 வாக்கில் எழுப்பினார். 1856இல் மெல்போர்ன் கல்தச்சர்கள் வேலையை நிறுத்திவிட்டு ஊர்வலம் போய் அதை வாங்கினார்கள். 1886 மே மாதத்தில் சிகாகோவில் ரத்தம் சிந்தியது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையாக அதை ஏற்றது 1919இல். நூறு வருஷம்! நாம் என்னவோ பிறக்கும்போதே ஞாயிற்றுக்கிழமையோடு பிறந்த மாதிரி நடந்துகொள்கிறோம்.

வரி, ஓய்வூதியம், அரசு மருத்துவமனை பற்றிய என் கருத்துகளும் இங்கிருந்துதான் வருகின்றன. சம்பளச் சீட்டில் வரிப் பிடித்தத்தைப் பார்த்தால் எனக்கும் வயிறு எரியத்தான் செய்கிறது, மறைக்கவில்லை. ஆனால் காய்ச்சல் வந்தால் வைத்தியம் உண்டு, வேலை போனால் மூன்று மாதம் தள்ளலாம் என்ற நிலையில் இருப்பவன்தான் முதலாளியை நிமிர்ந்து பார்த்துப் பேசுவான். இது முதலாளிகளுக்கும் தெரியும், ஆட்சியாளர்களுக்கும் தெரியும். ஜெர்மனியின் பிஸ்மார்க் 1878இல் சோஷலிஸ்ட் அமைப்புகளைத் தடை செய்தார். ஐந்தே வருஷத்தில், 1883இல், தொழிலாளர்களுக்கு நோய்க் காப்பீடு கொண்டுவந்ததும் அவர்தான். பாசத்தால் கொடுக்கவில்லை. தொழிலாளர்கள் சோஷலிஸ்டுகள் பக்கம் போய்விடக் கூடாது என்ற பயம். பயத்தில் கொடுத்தாலும் மருந்து மருந்துதான்.

செயலி வழியாகப் பொருள் கொண்டுவரும் பையன்கள் விஷயத்தில் நிலைமை இன்னும் தந்திரமானது. 'நீங்கள் ஊழியர் இல்லை, எங்கள் கூட்டாளி, எப்போது வேண்டுமானாலும் மறுக்கலாம்' என்கிறார்கள். மறுத்தால் மதிப்பெண் இறங்கும், அடுத்த ஆர்டர் தாமதமாக வரும். திட்டுவதற்கு மேலாளர் என்று ஒரு முகம்கூட அங்கே இல்லை. மழை கொட்டும்போது நானும் ஆர்டர் போட்டிருக்கிறேன். நனைந்து வந்தவரிடம் துண்டு நீட்டியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

வீட்டுக்குள் வந்தால் என் நிலை இன்னும் மோசம். 1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்துப் பெண்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் அலுவலக வேலை, வீட்டு வேலை, பிள்ளை வளர்ப்பு எதையும் செய்யாமல் தெருவில் இறங்கினார்கள். ஆண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் போனார்கள். மறு வருஷமே ஆண் பெண் சம உரிமைச் சட்டம் வந்தது. இதை நான் ஒருநாள் உற்சாகமாக வீட்டில் விவரித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்ல கதை. அந்தத் துணியையெல்லாம் மடிச்சுக்கிட்டே சொல்லியிருக்கலாம்" என்றாள். இப்போது துணி மடிப்பது என் பொறுப்பு. சில நாள் மறந்துவிடுகிறேன், அல்லது மறந்ததாக நடிக்கிறேன்.

"சோவியத்தில் என்ன ஆச்சு?" என்று அடுத்த கேள்வி வரும் என்று தெரியும். அதே அளவுகோல்தான், என் பக்கத்துக்கும் சேர்த்து. சோவியத் அணியில் இருந்த போலந்தில் ஆட்சி தொழிலாளர்களின் பெயரில் நடந்தது. 1980 ஆகஸ்டில் கடான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் அன்னா வாலென்டினோவிச் என்ற கிரேன் ஓட்டுநரை, ஓய்வுபெறச் சில மாதங்களே இருக்கும்போது வேலையை விட்டுத் தூக்கினார்கள். அவரைத் திரும்ப எடுக்கச் சொல்லித்தான் வேலைநிறுத்தம் தொடங்கியது. அந்தத் தளத்தின் பெயர் லெனின் கப்பல் கட்டும் தளம்! முதல் கோரிக்கை, கட்சிக்குக் கட்டுப்படாத சுதந்திரத் தொழிற்சங்கம். அதிலிருந்து பிறந்த சாலிடாரிட்டி என்ற சங்கத்தை 1981 டிசம்பரில் ராணுவச் சட்டம் போட்டு நசுக்கினார்கள். செங்கொடி பறந்த இடத்திலும் தொழிலாளி 'முடியாது' என்று சொல்லக் கூடாதென்றால், அந்தக் கொடியால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. தோழர்கள் சிலர் இந்த இடத்தில் பேச்சை மாற்றுவார்கள்.

தேர்தல் பற்றிச் சொல்ல அதிகமில்லை. போடுகிறேன், பெரும்பாலும் தோற்பவர்களுக்கு. மாற்றிப் போட்டவர்களை முட்டாள் என்று சொல்லும் இடதுசாரிகளிடம்தான் எனக்கு அதிகக் கோபம்.

என்னைச் சுத்தமானவன் என்று நினைத்துவிட வேண்டாம். மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் பணம் போடுகிறேன். ஏதோ ஒரு நிறுவனம் ஆட்குறைப்பு அறிவித்து அதன் பங்கு ஏறினால், எனக்கும் அதில் ஒரு துளி வருகிறது. அதை எடுத்துத் திருப்பிக் கொடுத்ததில்லை.

அந்த அக்கா கதையை முடித்துவிடுகிறேன். பதினொரு வருஷமாக அதே தளத்தில் இருக்கிறார். ஆனால் சுத்தம் செய்யும் காண்ட்ராக்ட் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கைமாறும். ஒவ்வொரு முறையும் காகிதத்தில் அவர் புதிதாகச் சேர்ந்தவர். சீனியாரிட்டி கிடையாது, சம்பள உயர்வு முதலிலிருந்து. இதை மனிதவளப் பிரிவில் எழுத்துமூலம் கேட்டேன். அவர் எங்கள் ஊழியர் இல்லை, காண்ட்ராக்டரைக் கேளுங்கள் என்றார்கள். காண்ட்ராக்டரின் மேற்பார்வையாளரைக் கேட்டேன். உங்கள் நிறுவனம் கொடுக்கும் தொகைக்கு இவ்வளவுதான் முடியும் என்றார்.

மறுபடி எழுதட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"வேணாம் தம்பி. உங்க பேரு அடிபட்டா ரெண்டு நாள் பேசுவாங்க. என் பேரு அடிபட்டா, அடுத்த காண்ட்ராக்ட் மாறும்போது லிஸ்ட்லயே இருக்காது."

நான் எழுதவில்லை. மார்ச்சில் காண்ட்ராக்ட் மாறுகிறது.